கடைசிப் பக்கத்து சார்

எங்கள் வாரப் பத்திரிகைக்கு எட்டுப் பக்கம். எட்டாவது பக்கம் விளையாட்டு. அந்தப் பக்கத்துக்கு நான் ஒருத்திதான் ஆள். ஆனால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்தக் கோச்சைக் கேட்டிருந்தாலும், அந்தப் பக்கத்தை ஒரு சார் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் சொல்லியிருப்பார். ரொம்பக் கண்டிப்பானவர், இனிப்பைத் தொடமாட்டார், அளந்துவிட்டால் அவருக்குப் பிடிக்காது, மத்தியானத்தில் பாதி நேரம் மீட்டிங்கில் இருப்பார். எல்லாம் சரி, அந்த சார் மட்டும் கிடையாது. பயத்தில் நான்தான் அவரை உண்டாக்கினேன்.

எனக்கு மனிதர்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவது சின்ன வயதிலிருந்தே வராது. ஷேர் ஆட்டோவில் ‘இங்கே நிறுத்துங்க’ என்று சொல்ல வாய் வராமல், வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போவேன். திருவேற்காட்டில் எங்கள் தெருவுக்கு முன்னால் இறங்க யாரும் இல்லாத நாளில், கோயில் வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எனக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பன்னிரண்டாவது முடித்து டைப்பிங் பாஸ் செய்து, இந்தப் பத்திரிகையில் செய்திகளை அடித்துக்கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். இரண்டு அறை. உள் அறையில் பத்திரிகையின் முதலாளி. அவரேதான் ஆசிரியர், அவரேதான் விளம்பர மேனேஜர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணா என்று கூப்பிடுவோம். விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். “ஒரே ஒரு வாரம் நீ பாத்துக்கோம்மா, அதுக்குள்ள ஆள் போட்டுர்றேன்” என்றார் அண்ணா. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியட் வந்தால் நான் வாட்ச்சுகளைக் காவல் காக்கிற பெண். ஆனால் இந்த வேலையில் ஒரு சௌகரியம், எல்லாமே போனில் முடிந்துவிடும். செவ்வாயிலிருந்து வியாழன் வரைக்கும் கோச்சுகள் கூப்பிடுவார்கள், நான் எழுதிக்கொள்வேன். முகம் பார்க்க வேண்டியதில்லை. போன் என் மேசை மேலேயே இருக்கிறது. அதைக் காதில் வைத்தவுடன் எனக்குள் வேறு ஒருத்தி எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

முதல் வாரமே ஒரு கிரிக்கெட் கோச் கத்தினார். “இன்னாம்மா, என் டீம் போட்டோவ தபால் தலை சைசுக்குப் போட்டுக்கிற? பூதக்கண்ணாடி நீ வாங்கித் தருவியா?” பயத்தில், “சார்கிட்ட கேட்டுச் சொல்றேங்க” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தம் சட்டென்று அடங்கியது. “சாரா? சரி சரி. சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லு மேடம். போட்டோ சின்னதா இருந்தாலும் அழகாத்தான் கீது.”

ஒரு வார்த்தைக்கு இத்தனை சக்தி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதற்குப் பிறகு நான் சொல்ல முடியாததை எல்லாம் சார் சொல்ல ஆரம்பித்தார். மூன்று பத்தி வராது, ஒரு பத்திதான் என்று சார் சொல்லிவிட்டார். மகனின் பிறந்தநாளை விளையாட்டுச் செய்தியாகப் போட முடியாது என்று சார் சொல்லிவிட்டார். கோச் தன் படத்தைப் பெரிதாகவும் அணியின் படத்தைச் சின்னதாகவும் போடச் சொன்னால், சார் வெட்டிவிட்டார். ஆவடி வாலிபால் அணி ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு டப்பா லட்டு கொடுத்தனுப்பியது. சார் ஏன் நன்றி சொல்லிக் கூப்பிடவில்லை என்று கேட்டபோது, “சாருக்கு சுகர்ங்க” என்றேன். லட்டு முழுவதும் எங்கள் வயிற்றில் இருந்தது. அடுத்த தடவை அவர்கள் அவித்த சுண்டல் அனுப்பினார்கள். சாருடைய உடம்பின் மேல் அவ்வளவு அக்கறை.

இதில் எல்லாரையும் மிஞ்சியவர் மேனாம்பேடு பெண்கள் கபடி அணியின் கோச். தொழிற்பேட்டையில் ஃபிட்டர். போனில் அவர் குரல் கேட்டால் ரிசீவரை ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவேண்டும். ஒருநாள் அவர் சொன்னார், “மேடம், நேத்து சாரோட ஆவடில டீ சாப்ட்டுகினு இருந்தேன்.”

“அப்படீங்களா?” என்றேன்.

“ஆமா. செம்ம மனுசன். பில்ல என்னைக் குடுக்கவே உடல. உனுக்குத் தெரியாது, நானும் சாரும் ரொம்ப க்ளோஸு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இல்லாத மனிதர் ஒருவர் ஆவடியில் டீ குடித்திருக்கிறார், பில் வேறு கொடுத்திருக்கிறார். எனக்கே அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தவளை அண்ணா உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏம்மா, கம்ப்யூட்டர்ல ஏதாவது படம் ஓடுதா?”

எங்கள் பக்கத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. இரண்டும் எனக்கு முன்னாலிருந்து வருபவை. ஒன்று, ஜெயித்தவர்தான் போன் பண்ணவேண்டும். தோற்றவர் பண்ணமாட்டார், அது மானப் பிரச்சினை. இரண்டு, தோற்ற அணியின் பெயரைப் போடமாட்டோம். எப்போதோ ஒரு தடவை போட்டு, தோற்ற ஊர்க்காரர்கள் நாற்பது பேர் படியேறி வந்து, கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டாராம். அதிலிருந்து ‘எதிரணி’ என்றே எழுதுகிறோம். எங்கள் பத்திரிகையை மட்டும் படிக்கிற ஒருவருக்கு, இந்த வட்டாரத்தில் எதிரணி என்று ஒரே ஒரு பாவப்பட்ட அணி இருப்பதாகவும், அது கபடி, கிரிக்கெட், கேரம் எல்லாவற்றிலும் வருஷம் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருப்பதாகவும் தோன்றும்.

அந்த வாரம் புதன்கிழமை மேனாம்பேடு கோச் கூப்பிட்டார். ஆவடியில் பெண்கள் கபடி இறுதிப் போட்டி. முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று. ஜெயித்துவிட்டோம். எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை கரையான்சாவடி பெண்கள் கபடி அணியின் கோச் கூப்பிட்டார். அவர் ஒரு பெண், காலையில் டிபன் கடை, சாயங்காலம் கபடி. குரல் ஊசி மாதிரி மெல்லிசாக இருக்கும். “மேடம், ஆவடில பொம்பளப் புள்ளைங்க ஃபைனலு. முப்பத்திரண்டு முப்பத்தொண்ணு. நம்ப புள்ளைங்க கெலிச்சிட்டாளுங்க” என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். பெண்கள் கபடி இவ்வளவு நன்றாக நடக்கிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். ஒன்றை மேலே இடது பக்கத்தில் வைத்தேன், மற்றதைக் கீழே வலது பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் எதிரணி வீழ்ந்தது.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. திங்கட்கிழமை அண்ணா என்னை உள்ளே கூப்பிட்டார். பத்திரிகையை விரித்து, இரண்டு கையின் ஆள்காட்டி விரலையும் இரண்டு செய்தியின் மேல் வைத்திருந்தார்.

“ஒரே கிரவுண்டு. ஒரே நாளு. ஒரே ஸ்கோரு. ரெண்டு பேரும் ஜெயிச்சிருக்காங்க. கப்பு எத்தனைம்மா குடுத்தாங்க?”

அப்போதுதான் புரிந்தது, மேனாம்பேட்டுக்குக் கரையான்சாவடி எதிரணி, கரையான்சாவடிக்கு மேனாம்பேடு எதிரணி.

“தப்பு நடக்கறது சகஜம். அதுக்குக் கோவமில்ல” என்றார் அண்ணா. “ரெண்டு நாளாச்சு. ஒருத்தராவது போன் பண்ணி இது தப்புன்னு சொன்னாங்களா?”

“இல்லண்ணா.”

“அப்போ ஒருத்தரும் படிக்கல. படிக்காத பக்கம் எதுக்கு? பெயிண்ட் கடைக்காரர் கடைசிப் பக்கத்தை முழுசா கேட்டுகிட்டே இருக்காரு.” கொஞ்சம் யோசித்தார். அண்ணா எதையும் ஒரு பரீட்சை வைத்துத்தான் முடிவு செய்வார். “இந்த வாரம் விளையாட்டு வேணாம், சமையல் குறிப்பு போடு. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, பக்கம் எங்கேன்னு கேட்டுப் பத்து போன் வரட்டும். வந்தா பக்கம் உனக்கு. வரலைன்னா பெயிண்ட் கடைக்கு. நீ திங்கட்கிழமையிலேருந்து கடை கடையாப் போயி விளம்பரம் கேக்கற வேலைக்கு வந்துரு. நீயா யாருக்கும் சொல்லிப் போன் பண்ண வைக்கக் கூடாது.”

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். நான் யாரிடம் போய்க் கேட்பேன்? ஆனால் விளம்பரம் என்ற வார்த்தை என் முதுகுத் தண்டில் இறங்கியது. ஒவ்வொரு கடையிலும் ஏறி, கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவரின் முகத்தைப் பார்த்து, ‘வணக்கம்’ என்று ஆரம்பித்து, அவர் ‘அப்புறம் வாம்மா’ என்று சொல்வதைக் கேட்டு, அடுத்த கடைக்கு ஏறவேண்டும். என் பக்கத்தையும் அந்தப் போனையும் காப்பாற்றிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. பத்தே பத்து போன்.

பத்து ஒரு பெரிய எண்ணா? ஒரு பெயரில் எழுத்து மாறினால் பதினைந்து பேர் கூப்பிடுகிற பக்கம் அது. எனக்கு நம்பிக்கை இருந்தது. சனிக்கிழமை, விளையாட்டு இருக்கவேண்டிய இடத்தில் வாழைப்பூ வடையோடு பத்திரிகை வெளியே போனது.

திங்கட்கிழமை போன் அடிக்கவில்லை. ரிசீவரை எடுத்துப் பார்த்தேன், டயல் டோன் வந்தது. வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு போன். வாராவாரம் பக்கத்து வீட்டுக்காரரைக் கேரமில் தோற்கடித்துவிட்டு அதைச் செய்தியாகச் சொல்கிற பெரியவர். “மேடம், இந்தத் தபாவும் அவனை அடிச்சிட்டேன்.”

என் வாழ்க்கையிலேயே பெரிய தைரியத்தை அன்று காட்டினேன். “போன வாரப் பேப்பர் பாத்தீங்களா ஐயா?”

“பேப்பரா? என் கண்ணாடி ஒடஞ்சி ஒரு மாசம் ஆவுது. நீ போட்டுருப்ப, எனுக்குத் தெரியும்.”

அது பத்தில் சேராது என்று அண்ணா சொல்லிவிட்டார்.

புதன், வியாழன், அதுவும் இல்லை. வாலிபால் இல்லை, கிரிக்கெட் இல்லை, தபால் தலைக்குச் சண்டை போட்டவர்கூட இல்லை. இத்தனை வருஷம் நான் யாருக்காக எழுதினேன் என்று நினைத்தால் ஒரு பக்கம் அழுகை, இன்னொரு பக்கம் பைத்தியச் சிரிப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று விளம்பரம் கேட்டுப் பழக வியாழக்கிழமை கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தினம் பார்க்கிற மனிதர்தானே. “அண்ணே, ஒரு விஷயம்…” என்றேன். அவர் நிமிர்ந்தார். என் கை தானாகப் பைக்குள் போய் ரேஷன் கார்டை எடுத்து நீட்டியது. இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

வெள்ளிக்கிழமை மணி நாலு. ஐந்து மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம், வந்த போன் பூஜ்யம். அப்போது படிக்கட்டில் சண்டைச் சத்தம் ஏறி வந்தது.

“நீ இன்னாத்துக்கு வந்த?”

“நீ இன்னாத்துக்கு வந்தியோ அதுக்குத்தான் அண்ணாத்தே. தள்ளு, புடவை மாட்டுது.”

குரல்களைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. ஆளை அதுவரை பார்த்ததில்லை. கதவு திறந்தது. இடி மாதிரிக் குரல் உள்ள மேனாம்பேடு கோச், என் தோள் உயரம்கூட இல்லை. ஊசி மாதிரிக் குரல் உள்ள கரையான்சாவடி கோச், கதவை அடைத்துக்கொண்டு நின்றார். மேனாம்பேடு கோச் கையில் ஒரு மடித்த பொன்னாடையும் ஒரு பை கொய்யாப்பழமும். அந்தம்மா வெறுங்கையோடு வந்திருந்தார்.

“மேடம், சார் கீறாரா?” என்றார் பொன்னாடைக்காரர்.

“சார் மீட்டிங்…” என்றேன், பழக்கத்தில்.

“வர்ட்டும். நாங்க குந்திகினு கீறோம்.” குந்திவிட்டார்கள். மணி நாலு பத்து.

அந்தம்மாதான் முதலில் பேசினார். “மேடம், உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா. எனுக்கு ஒரு வாரமா சோறு எறங்கல. அன்னிக்கு ஆட்டம் முடியற நேரத்துல செம்ம மழை. முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு. கடைசியா எங்க புள்ள பாடிப் போயி, ஒருத்திய தொட்டுட்டா. அவளுங்க அத்தினி பேரும் இவ மேல உழுந்துட்டாளுங்க. இவ கைய நீட்டினா. நடுக் கோட்டத் தொட்டுட்டா எங்க பாயிண்டு. தொடலன்னா அவுங்க பாயிண்டு. சரியா?”

“சரிங்க.”

“கோட்டைக் காணோம் மேடம்! சுண்ணாம்புக் கோடு மழைல கரைஞ்சி ஓடிச்சு. ரெஃப்ரிய தேடினா, அவரு பஸ் ஸ்டாப்ல நிக்கிறாரு. கப்பு நடத்தினவங்ககிட்டயே கீது. நான் உன்கிட்ட கெலிச்சிட்டேன்னு சொன்னேன். சத்தியமா எனுக்குத் தெரியாது. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எனுக்குத் தெரியும். நாங்கதான் கெலிச்சோம்” என்றார் மேனாம்பேடு கோச்.

“இல்லாத கோட்ட நீ எங்கருந்து பாத்த?”

“இருந்த எடத்த பாத்தேன்.”

எனக்கு ஒரு சந்தேகம். போன் பண்ணியிருக்கலாமே? ஏன் வாரம் முழுக்க ஒருத்தரும் பண்ணவில்லை? இதை எப்படியோ வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். மேனாம்பேடு கோச் நெஞ்சை நிமிர்த்தினார்.

“நான்தான் மேடம் நிறுத்தினேன். எங்களப் போல கோச்சுங்களுக்கு வாட்ஸ்அப் குரூப் கீது. ரெண்டு பேரு கெலிச்ச மேட்டரு சாருக்குத் தெரிஞ்சி போச்சு, அதான் கோவத்துல பக்கத்தையே நிறுத்திட்டாரு, யாரும் போன் பண்ணாதீங்க, சாரப் பத்தி எனுக்குத் தெரியும், கோவத்துல கீறப்ப போன் பண்ணா ஜென்மத்துக்கும் போடமாட்டாருன்னு மெசேஜ் போட்டேன். அறுபது பேரு கீறாங்க. ஒருத்தன் கை வைக்கல, பாத்தியா? அத்தினி மரியாதை.”

அறுபது பேர். இல்லாத ஒருவரின் கோபத்துக்குப் பயந்து அறுபது பேர் போனைத் தொடாமல் இருந்திருக்கிறார்கள். நான் உண்டாக்கின சாரே என் பக்கத்தை மூடிக்கொண்டிருக்கிறார். மணி நாலு இருபது.

சத்தம் கேட்டு அண்ணா உள் அறையிலிருந்து வெளியே வந்தார். மேனாம்பேடு கோச் துள்ளி எழுந்தார். பொன்னாடையை உதறி விரித்து, எம்பி, அண்ணாவின் தோளில் போர்த்தினார். “சார்! எப்டி கீறீங்க சார்! பாத்து எத்தினி நாளாச்சு!”

“நீங்க யாரு?” என்றார் அண்ணா.

அந்தம்மா மெதுவாகத் திரும்பினார். “இன்னா அண்ணாத்தே. டீ சாப்ட்டேன்ன. பில்லு குடுக்கவே உடலன்ன. அவுரு உன்னிய யாருன்றாரு?”

“சாருக்கு மறதி” என்றார் அவர், குரலே இல்லாமல்.

“நீங்கதானே ஸ்போர்ட்ஸ் சாரு?” என்று அந்தம்மா அண்ணாவிடமே கேட்டுவிட்டார்.

“ஸ்போர்ட்ஸ் சாரா? எங்க ஆபீஸ்ல அப்படி ஒருத்தரும் கெடையாதே. ஸ்போர்ட்ஸ் பாக்கறது இந்தம்மாதான்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு கண்கள். ஓட நினைத்தால் கதவுப் பக்கம் அந்தம்மா. கடிகாரத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை ஏறவேண்டிய கடைகள் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் வந்து நின்றன. இந்த மூன்று பேரிடம் பேசுவதா, முந்நூறு கடையில் பேசுவதா?

“சார்னு யாரும் இல்லீங்க” என்றேன். “நான்தான்.”

“எது நீ?” என்றார் அந்தம்மா.

“சாரு. நான்தான்.”

“போன வருசம் என் போட்டோவ வெட்டின சாரு?”

“நான்தான்.”

“என் பேருக்கு முன்னால ‘வீரமங்கை’ போட முடியாதுன்ன சாரு?”

“அதுவும் நான்தான். மன்னிச்சிருங்க.”

“சுகரு?”

“எனக்கு இல்லீங்க. லட்டு நாங்கதான் சாப்ட்டோம்.”

அந்தம்மா சிரிக்க ஆரம்பித்தார். நின்று சிரிக்க முடியாமல் நாற்காலியில் விழுந்தார், நாற்காலி கிறீச்சிட்டது. “அண்ணாத்தே, இவுங்களோடவா டீ சாப்ட்ட? நீ சாப்ட்டது டீதானா?” மேனாம்பேடு கோச் கொய்யாப் பையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவர் தோளும் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தாங்கவில்லை. பொன்னாடையோடு அண்ணா மட்டும் ஒன்றும் புரியாமல் நின்றார்.

சிரித்து ஓய்ந்ததும் நான் சொன்னேன். நேருக்கு நேர், மூன்று பேர் முன்னால், நானாகச் சொன்னேன். “அஞ்சு மணிக்குள்ள பத்து போன் வரலைன்னா பக்கம் போயிரும்ங்க.”

“சொல்லக் கூடாதுன்னு சொன்னேனேம்மா” என்றார் அண்ணா.

“நானாப் போயித்தானே சொல்லக் கூடாதுன்னீங்க?” என்று சொல்லவில்லை. அந்த அளவுக்குத் தைரியம் வரவில்லை. அந்தம்மாதான் அண்ணாவிடம் சொன்னார், “சாரு, நாங்களா நடந்து வந்து கேட்டோம். கேக்கறவங்க தலைய எண்ணாம போன எண்ணுவியா?” சொல்லிக்கொண்டே தன் செல்லை எடுத்து அழுத்தினார். என் மேசையில் போன் அடித்தது. எடுத்தேன்.

“ஹலோ, மேடம்?” இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, காதில் செல்லை வைத்துக் கேட்டார். “எங்க பக்கம் எங்க மேடம்?”

“வணக்கங்க. எழுதிக்கறேன்” என்றேன்.

“ஒண்ணு” என்றார் மேனாம்பேடு கோச். அடுத்தது அவர் கூப்பிட்டார். ரிசீவரைத் தள்ளிப் பிடிக்காமலே அவர் குரல் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. “ரெண்டு.” பிறகு குரூப்பில் வாயாலேயே பேசி அனுப்பினார்: “டேய் மாமேங்களா, சாரு கோவம் போச்சு, அத்தினி பேரும் இப்பவே போன் போடுங்க!”

அப்புறம் அந்தப் போன் நிற்கவில்லை. கிரிக்கெட், வாலிபால், பூந்தமல்லி பால் பேட்மிண்டன், நான் பெயரே கேட்டிராத ஒரு கயிறு இழுக்கும் அணி. “சார் கோவம் போச்சா மேடம்?” “போச்சுங்க.” “சாருக்கு உடம்பு சோக்கா கீதா?” “நல்லா இருக்காருங்க.” அந்தம்மா விரல் விட்டு எண்ணினார். எட்டாவது போனை எடுத்தால் அண்ணாவின் வீட்டம்மா. வரும்போது கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னார்.

“எட்டு!” என்றார் அந்தம்மா.

“அது சேராது. அது என் வீடு” என்றார் அண்ணா.

“போன் வந்துச்சா, வரலியா?”

“வந்துச்சு, ஆனா…”

“எட்டு.”

பத்தாவது போன் வந்தபோது மணி நாலு நாற்பத்தைந்து. இருபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டோம். அண்ணா பொன்னாடையைக் கழற்றி மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார். “அரைப் பக்கம்” என்றார். “மீதி அரை பெயிண்ட் கடைக்கு. தோத்தவங்க பேரும் இனிமே வரணும். அப்போதான் ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தர் ஜெயிப்பாங்க.” விளம்பரத்துக்குப் போகிற பேச்சை எடுக்கவில்லை. எனக்குக் காற்றில் நடக்கிற மாதிரி இருந்தது. எல்லாரும் கொய்யாப்பழம் தின்றோம்.

இறுதிப் போட்டியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆடினார்கள். வெயில். இரண்டு கோச்சும் வற்புறுத்தியதால் நானும் ஆவடிக்குப் போனேன். கபடியை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். இவ்வளவு நாள் ‘வீழ்த்தியது’ என்று எழுதிக்கொண்டிருந்தேனே, நிஜமாகவே வீழ்த்துகிறார்கள். கரையான்சாவடிப் பெண்கள் நாலு பாயிண்டில் ஜெயித்தார்கள். என்னை அறியாமல் எழுந்து கத்தியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை போன் அடித்தது. ரிசீவரை ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். மேனாம்பேடு கோச். எங்கள் பத்திரிகைக்குத் தோற்ற பக்கத்திலிருந்து வந்த முதல் போன் அது.

“மேடம், தோத்துட்டோம். நீயே பாத்த. போட்டுக்க. ஆனா எங்க புள்ளைங்க சோக்கா ஆடினாளுங்க, அதயும் போடு. போட்டோ அனுப்பிக்கிறேன்.”

மேசை மேல் அரைப் பக்கத்தின் கட்டங்களைப் பார்த்தேன். வாலிபால், கிரிக்கெட், கேரம் பெரியவர், கயிறு இழுக்கிறவர்கள். சாக்குச் சொல்ல வேறு யாரும் கிடையாது.

“போட்டோவுக்கு இடமில்லீங்க” என்றேன். “மூணு வரி தர்றேன்.”

“மூணு வரியா? புள்ளைங்க பேரே மூணு வரி வரும் மேடம். அஞ்சு?”

“மூணு.”

“நாலு? நாலுன்னா ஊட்ல சொல்லிக்கலாம்.”

“மூணுதாங்க.”

அந்தக் கட்டத்தில் ‘3’ என்று எழுதினேன்.

“மேடம்” என்றார், “மூணரை?”

“மூணரை வரின்னு ஒண்ணு இல்லீங்க” என்றேன்.

“ஏன் இல்ல? பாதி வரில முடிச்சிரு. மீதி பாதி காலியாத்தான் கெடக்கும், யாருக்கு நஷ்டம்?”

யோசித்துப் பார்த்தேன். அது நியாயமாகத்தான் பட்டது.